ஒன்பது பெட்டைகளும் மேனேஜரும்

ஒன்பது பெட்டை வாத்துகளுக்கு எத்தனை ஆண் வாத்து வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று. நான்காவது இருந்தால் சண்டை, ஐந்தாவது இருந்தால் ரத்தம். காப்புறுதி நிறுவனத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எனக்கு இந்த அறிவு எதற்கும் உதவுவதில்லை. ஆனாலும் இது புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல. ஒன்பது வயதில், ஒரு மைலோ டப்பாவையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதோடு நிற்காமல், ஒரு பொங்கலன்று குடும்பத்தார் எல்லார் முன்னிலையிலும் அப்படிப் பார்த்ததில் ஒன்றைச் சொல்லவும் செய்தேன். அதற்கு அம்மா கிள்ளிய இடம்கூட நினைவிருக்கிறது. இடது கை, முழங்கைக்குச் சற்று மேலே.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, சிங்கப்பூரின் வடக்கே, கிராஞ்சிக்கு அப்பால் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மீன் குளம், ஆடுகள், கீரைப் பாத்தி என்று பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும் பண்ணை. அங்கே பறவைகளுக்கு மாமா பொறுப்பு. அதுவரை கோழியை வறுவலாக மட்டுமே அறிந்திருந்த மனிதர், இரண்டாம் வாரமே பறவைகளைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். மாமாவின் குணம் அது. தெரிந்த விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்வார், தெரியாத விஷயத்தை அடித்துச் சொல்வார். யாராவது மறுத்துப் பேசினால் இன்னும் உற்சாகமாகிவிடுவார்.

பண்ணை முதலாளி ஒரு சீனப் பெரியவர். அவர் பதினான்கு கூஸ் வாத்துகளை வாங்கி இறக்கினார். அலகின் மேல் கொண்டை போல ஒரு மேடு, நீண்ட கழுத்து, யாரைப் பார்த்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும் சுபாவம். ஒன்பது பெட்டை, ஐந்து ஆண். விற்றவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். ஆண் இத்தனை வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி மாமாவைக் கேட்டார். மாமா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஐந்தும் இருக்கட்டும், ஆண் அதிகமாக இருந்தால்தானே குஞ்சு அதிகமாக வரும் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தில் பெரியதற்கு மாமா ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தார். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். அது எந்த வேலையும் செய்யாது, எல்லாரையும் பார்த்துக் கத்தும். மற்ற நான்கு ஆண்களில் எது ஒரு பெட்டையின் பக்கம் போனாலும் இறக்கையால் அடித்து விரட்டிவிடும். கூஸ் வாத்தில் ஆணுக்குத்தான் கீச்சுக் குரல், பெட்டைக்குக் கட்டைக் குரல். அந்தக் கீச்சுக் குரலில் மேனேஜர் பண்ணையையே ஆட்டி வைத்தது. மாமாவுக்கு அதன்மேல் அப்படியொரு பெருமை. தோரணையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்பார்.

முட்டைகள் வந்தன. மாமா அவற்றைக் குஞ்சு பொரிப்பானில் வைத்தார். ஒரு மாதம் கழித்து ஒன்றுகூடப் பொரியவில்லை. அடுத்த முறையும் அப்படியே, எல்லாம் கூமுட்டை. பெட்டைகளிடம்தான் ஏதோ கோளாறு என்று மாமா கண்டுபிடித்தார். சத்துப் போதவில்லை என்று தேக்கா சந்தைக் கடையில் வெந்தயமும் உளுந்தும் வாங்கிக்கொண்டுபோய் ஊறவைத்துப் போட்டார்.

அதே கடையில், அதே வாரம், பெரியம்மாவும் வெந்தயமும் உளுந்தும் வாங்கினார். அது என் அத்தைக்கு, மாமாவின் மனைவிக்கு. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெரியம்மா குடும்பத்தில் மூத்தவர், மாமாவை வளர்த்தவர், அன்பானவர்தான். அந்த அன்பு முழுவதும் வெந்தயக் களியாகவும் உளுந்தங்களியாகவும் பொங்கோலில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தின இரண்டு தைப்பூசத்துக்கும் அத்தை பால்குடம் எடுத்தார், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தார். மருத்துவமனைக்கும் போய்வந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் கையில், முழங்கை மடிப்பில், பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அத்தை உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எல்லாச் சோதனையும் சொல்லிவிட்டது, கணவரையும் ஒருமுறை அழைத்து வரச் சொன்னார்கள், இரண்டு வருடமாக மாமா போகவே இல்லை என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று அவர் சிரித்தபடி சொல்லிவிடுவாராம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வாத்துகளும் அத்தையும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். மார்ச் பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டக் குஞ்சு வேண்டும். இல்லாவிட்டால் வாத்துகளை விற்றுவிட்டு மாமாவை மீன் குளத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். “நோ பேபி, நோ கூஸ்” என்று அவர் சொன்னதை மாமா எங்கள் வீட்டில் நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். அத்தை மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, எது நல்லது, எது கெட்டது என்று பிரிப்பது. அதைவிட முக்கியம், கெட்டது எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த விஷயத்தில் சந்தேகம் மிச்சம் இருக்காது.

அந்த நவம்பர் விடுமுறையில், சனிக்கிழமைகளில் அத்தை என்னையும் பண்ணைக்கு அழைத்துப்போனார். முதல் நாளே மைலோ டப்பாவில் ஒரு வட்டம் வெட்டி, உள்ளே டார்ச் லைட்டைப் பொருத்தினார். தீவன அறையின் கதவைச் சாத்திவிட்டு, பத்து நாள் அடையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக அந்த ஓட்டையின்மேல் வைத்தார். எல்லா முட்டையும் உள்ளே ஒரே மாதிரி வெளிச்சமாக, தே ஓ நிறத்தில், அதாவது பால் விடாத தேநீரின் நிறத்தில், ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

“முட்டையில ஒண்ணும் கோளாறு இல்லங்க,” என்றார் அத்தை. “கருவே கூடல.”

“அதான் நானும் சொல்றேன். பெட்டைங்க சரியில்ல.”

“பாக்காம பெட்டையக் குறை சொல்லாதீங்க. எங்க வேலையில ஒரு லாட் சில்லு கெட்டுப்போச்சுன்னா மிஷின் மிஷினா பிரிச்சுத்தான் பாப்போம்.”

மாமா தாராளமாகச் சம்மதித்தார். அவருக்கு மேனேஜர்மேல் இருந்த நம்பிக்கை அப்படி. எப்படிப் பிரித்தாலும் நான் சொன்னதுதான் வரும், பார்த்துக்கொள் என்று என்னிடம் கண்ணடித்தார்.

கொட்டகையை வலைபோட்டு மூன்றாகத் தடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பெட்டை, ஓர் ஆண். முதல் தடுப்பில் மேனேஜர். மிச்சமிருந்த இரண்டு ஆண்களையும் மீன் குளத்தோரம் தனியாக விட்டார்கள். பழைய கூட்டாளிகளைப் பிரிந்த வாத்துகள் ஒரு வாரம் வலையோரமாக நின்று கத்தித் தீர்த்தன. முதல் மூன்று வாரம் வரும் முட்டைகளைக் கணக்கில் எடுக்கக்கூடாது, பழைய உறவின் மிச்சம் இருக்கும் என்றார் அத்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அதன்பிறகு வந்த முட்டைகளில் பென்சிலால் அடையாளம் போடுவது என் வேலை. மேனேஜர் தடுப்புக்கு வட்டம், இரண்டாவதுக்கு முக்கோணம், மூன்றாவதுக்குச் சதுரம். பள்ளியில் எந்தப் பொறுப்பும் தரப்படாத எனக்கு அது பெரிய பதவி. மற்ற நாட்களில் மாமா போட்டார், சனிக்கிழமை நான் வந்து அவருடைய கோணலான வட்டங்களைத் திருத்தினேன்.

டிசம்பர் நடுவில் மறுபடி தீவன அறைக் கதவைச் சாத்தினோம். நான், அத்தை, மாமா மூன்று பேரும். முதலில் ஒரு முக்கோண முட்டை. டப்பாமேல் வைத்ததும் உள்ளே சிவப்பாக மெல்லிய நூல்கள் தெரிந்தன. நடுவில் ஒரு புள்ளி, அது துடித்துக்கொண்டிருந்தது. நான் அதுவரை அப்படி எதையும் பார்த்ததில்லை. அத்தை அடுத்த முட்டையை எடுக்கவே இல்லை. மாமாதான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதே, கை சூட்டில் முட்டை கெட்டுப்போகும் என்று அவசரப்படுத்தினார். சதுர முட்டைகளிலும் நூல் ஓடியது. வட்ட முட்டைகள் ஏழும் தே ஓ.

மாமா விடவில்லை. மேனேஜருக்குக் கிடைத்த மூன்று பெட்டைகளும் சரியில்லாதவை, அவன் பாவம் என்ன செய்வான் என்றார். அத்தை மறுக்கவில்லை. அதையும் பார்த்துவிடலாம் என்று, மேனேஜரை அங்கிருந்து எடுத்துத் தனியாக விட்டுவிட்டு, அந்த மூன்று பெட்டைகளையும் மூன்றாம் தடுப்பு ஆணோடு சேர்த்தார். அது ஒல்லியான, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வாத்து. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அந்த மூன்றின் முட்டைகளை விளக்கில் வைத்தோம். எல்லாவற்றிலும் சிவப்பு நூல். மாமா ஒவ்வொரு முட்டையையும் வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அன்று திரும்பும்போது பேருந்தில் அவர் எந்தப் பாடமும் எடுக்கவில்லை. அத்தை வழி நெடுகச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொங்கலன்று எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடி புளோக்கில் அப்போது எங்கள் வீடு. கீழே கரும்புக்கட்டுகளும் மஞ்சள் கொத்துகளுமாக நடக்க இடமில்லை. மேலே வரவேற்பறையில் பாய் விரித்து, இலை போட்டு, ஆண்களும் பிள்ளைகளும் முதல் பந்தியில் உட்கார்ந்தோம். அத்தைதான் பரிமாறினார். சாம்பார் வரும்போது என் அப்பா மாமாவிடம் வாத்துகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தார்.

“இந்தத் தடவ குஞ்சு நிச்சயம், அத்தான்,” என்றார் மாமா, பழைய குரலில். “பெட்டைங்கதான் சரியில்லாம இருந்துச்சு. வெந்தயம் போட்டுப் போட்டுச் சரி பண்ணிட்டேன்.”

பெரியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சமையலறை வாசலில் நின்றபடி அத்தையிடம், “பாத்தியாம்மா? வெந்தயத்த விடாம சாப்பிடுன்னு எத்தன தடவ சொல்றேன்? இந்தத் தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுத்துரு. அப்புறம் குழந்தைக்காக ஏதோ ஆபரேஷன் பண்றாங்களாமே, அதையும் டாக்டர்கிட்ட கேட்டுரு லா,” என்றார். அத்தை கையிலிருந்த சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு, “சரிங்க அண்ணி,” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தைக்காக அல்ல. அதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எனக்கு எரிந்தது வட்டத்துக்காகவும் முக்கோணத்துக்காகவும். ஒரு விடுமுறை முழுவதும் பென்சிலும் கையுமாக நான் செய்த வேலையை மாமா வெந்தயத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. இலை முன்னால் எழுந்து நின்றேன்.

“மாமா சொல்றது பொய்,” என்றேன். “பெட்டைங்க மேல ஒரு குறையும் இல்ல. ஒன்பதும் நல்ல பெட்டைங்க. அத்தை டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, நானும் பாத்தேன். ஆண் பக்கந்தான் குறை. மேனேஜருக்குத்தான் குஞ்சு வராது. பாக்காம பெட்டையக் குறை சொல்லக்கூடாதுன்னு அத்தையே சொன்னாங்க.”

 அப்பா கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. பெரியம்மா வாயைத் திறந்து மூடினார். மாமா என்னைப் பார்க்கவில்லை, இலையில் இருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவரைப் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் இந்த அமைதி என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன். அம்மா வந்து கையைக் கிள்ளி உட்கார வைத்தார். வாய்க்கொழுப்பு என்றார். நான் அழத் தயாரானேன். அப்போது அத்தை வடைத் தட்டோடு என் முன்னால் குனிந்தார். எனக்கு ஏற்கெனவே வைத்த வடை இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று வைத்தார், பிறகு மூன்றாவதும் வைத்தார். உண்மை சொன்னதற்கான பரிசு என்று நினைத்து மூன்றையும் தின்றேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைப் பண்ணைக்கு அழைத்துப்போக யாரும் வரவில்லை. மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட், அத்தையும் கூடப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னார். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. மேனேஜர் கடித்திருக்கிறது. தனியாக அடைத்துவைத்த கோபம். உட்கார்ந்து ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். முன்பக்கம் மேனேஜரின் படம், கொண்டையோடு. உள்ளே பள்ளித் தமிழில், “வாத்து கடித்தாலும் கலங்காத என் மாமாவுக்கு, விரைவில் குணமடைய வாழ்த்துகள்” என்று எழுதினேன். மறுநாள் அவர்கள் வந்தபோது கொடுத்தேன். மாமா படித்தார். அத்தை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. மாமா அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “வலி இல்ல பாப்பா,” என்றார். அந்தத் தைப்பூசத்துக்கு அத்தை பால்குடம் எடுக்கவில்லை. வெந்தயக் களியும் நின்றுபோனது.

மார்ச் விடுமுறைக்குள் பதினேழு குஞ்சுகள் நடமாடின. முதலாளிக்குப் பரம திருப்தி. ஒன்பது பெட்டைக்கு மூன்று ஆண் போதும் என்ற அத்தையின் கணக்கையும் ஏற்றுக்கொண்டார். மிச்சம் இரண்டையும் கொடுத்துவிடச் சொன்னார். ஒன்றை மாமா பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்தார். மேனேஜரைக் கொடுக்க முடியாது என்றார். குஞ்சு தராத வாத்து எதற்கு என்று முதலாளி கேட்டிருக்கிறார். குஞ்சு தராவிட்டால் என்ன, காவல் காக்கும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். முதலாளி எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை மாமாவும் நானும் மட்டும் பண்ணைக்குப் போனோம். மாலையில் கிளம்பும் நேரம், நான் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு குஞ்சுகளும் குளத்தை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் மேனேஜர். வழிதவறிய ஒன்றைக் கழுத்தால் தள்ளி வரிசையில் சேர்த்தது. எதிரே வந்த பண்ணை நாயைப் பார்த்து இறக்கையை விரித்துக்கொண்டு அப்படியொரு கத்துக் கத்தியது. நாய் வந்த வழியே திரும்பிவிட்டது. அந்தப் பதினேழில் ஒன்றுகூட அதனுடையது இல்லை.

“ஏன் பாப்பா,” என்றார் மாமா, “இவன் அதுங்க அப்பா இல்லேன்னு அந்தக் குஞ்சுங்களுக்குத் தெரியுமா?”

மாமா என்னிடம் கேள்வி கேட்பது அதுதான் முதல் முறை. எனக்குப் பதில் தெரியாத விஷயமே அப்போது உலகத்தில் இல்லை.

“அதுங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்? கூட யாரு நடந்து வர்றாங்களோ அவங்கதான் அப்பா. வாங்க, பஸ் வந்துரும்.”

“என்ன சொன்னே?”

“பஸ் வந்துரும்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

சொன்னேன். மாமா நகரவே இல்லை. இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சாலையில் எங்கள் பஸ் வந்தது, நிற்காமல் போனது. அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். கிராஞ்சி ரயில் நிலையம் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஆண்டு பொங்கோல் வீட்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்தாள். வரும்போதே அவளுக்கு எட்டு மாதம், இரண்டு பல் முளைத்திருந்தது. இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தெரியாததை அடித்துச் சொல்வதில் அப்படியே மாமா. வாத்துகளைத்தானே சோதித்தீர்கள், வேறு எதையாவது மனத்தில் வைத்தா செய்தீர்கள் என்று அண்மையில் அத்தையிடம் கேட்டேன். வாத்துகளைத்தான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தப் பஸ்ஸைக் கோட்டைவிட்டது மாமாவின் அசமந்தத்தால்தான் என்று எத்தனையோ வருடம் குடும்பத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசும் மாமா, அதை மட்டும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.